காயமுற்றோர் நடுவே நம் செவிலியர்
(ஜூபிலி விழாவன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நல்ல சமாரியன் வழியில் கண்டது காயப்பட்ட ஒரே மனிதனை. ஆனால் 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருநாளாகிய ஞாயிறன்று, ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்டது. வேளாங்கண்ணிக்கு வந்த திருயாத்திரிகரும் மாண்டனர். அன்று செவிலியர் முன் கிடந்தவர்களோ பலர்.

யாரை முதலில் கவனிப்பது? உரக்க அழுபவரையா, தெரிந்தவரையா? இல்லை, உடனே கவனித்தால் பிழைக்கக்கூடியவரையே. பிழைக்கமாட்டாதவரைக் கைவிடுவதல்ல இது. அவர் வலியைத் தணித்து, கையைப் பிடித்திருப்பதும் கடமையே. "என் பிள்ளை எங்கே?" என்று கேட்கும் தாயிடம் பொய் சொல்லலாகாது, உண்மையை இரக்கமின்றி உரைப்பதும் ஆகாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் சூழ வாழும் நமக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. விபத்து நேர்ந்தால், "சாமி, நம்மவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நம்மிடம் வருவோர் உண்டு. அந்த ஒரு வார்த்தை வேறொரு தாயின் மகனைப் பின்தள்ளிவிடும். ஆகவே சிபாரிசு தேடாதிருப்போம், காயப்பட்டோரைப் படமெடுக்காதிருப்போம், இரத்தம் கொடுக்க முன்வருவோம். இரவெல்லாம் கண்விழிக்கும் செவிலியரின் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு கொண்டுபோவோம். அதுவும் சமாரியன் செய்த ஊழியமே. ஆமென்.