வீட்டுக்கு வந்த வைத்தியம்

(கல்வி மையத்தில் மாலை வகுப்பில் பேசியது)



இன்று பாடம் இல்லை. கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

நம் வகுப்புக்கு ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். கெட்டிக்காரர். மூன்றே மாதத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் பார்த்தேன். அவர் விரலில் தீக்கொப்புளம் இருந்தது. "என்னக்கா, சுட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். "எப்போது சுட்டது என்றே தெரியவில்லை தம்பி" என்றார்.

கை சுடுகிறது. ஆனால் வலி தெரியவில்லை. ஏன்? பிறகுதான் சொன்னார். முழங்கைக்கு மேலே ஒரு வெளுத்த படை. இரண்டு வருடமாக ரவிக்கையில் மறைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தொழுநோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும். யார் பெண் எடுப்பார்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தப் பயம் புதிதல்ல. நம் சாமராஜநகர் மாவட்டத்து எளந்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் தொழுநோய் மிக அதிகம். அப்போது இது மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997ல்தான் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. 1980களின் கடைசியில் எளந்தூர் தாலுகாவில் ஆயிரம் பேரில் 20 பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது.

பக்கத்தில் பிளிகிரிரங்கன் மலை இருக்கிறதல்லவா? அங்கே காட்டில் சோளகர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் செய்யப் போனவர் டாக்டர் சுதர்சன். 1981ல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். பிறகு மலையடிவாரத்துத் தொழுநோயைப் பார்த்தார். 1986ல் கருணா டிரஸ்ட் தொடங்கப்பட்டது.

தொழுநோய்க்கு மட்டும் தனி ஆள், தனி ஜீப் என்று வந்தால் என்ன ஆகும்? ஜீப் யார் வாசலில் நிற்கிறது என்று ஊரே பார்க்கும். வைத்தியம் வந்த அன்றே மானம் போய்விடும். அதனால் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள்.

வீட்டுக்கு வருகிற அதே ஊழியர் எல்லாவற்றையும் விசாரித்தால்? இருமல் உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பிணி இருக்கிறாரா, தோலில் படை உண்டா என்று கேட்டால்? அவர் எதற்கு வந்தார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. எளந்தூரில் வேலை இப்படித்தான் விரிந்தது. தொழுநோயோடு நிற்காமல் காசநோய், வலிப்பு என்று சேர்த்துக்கொண்டார்கள். 1996ல் கும்பள்ளி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்தும் பொறுப்பும் கருணா டிரஸ்டுக்கு வந்தது. 2005 வாக்கில் எளந்தூரில் தொழுநோய் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே போனது. அதற்குக் கூட்டு மருந்தும் காரணம். மருந்து வீடு வரை வந்ததும் காரணம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வலிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வலிப்பு வந்தால் என்ன செய்கிறோம்? கையில் இரும்புச் சாவி கொடுக்கிறோம். சாவியால் வலிப்பு நிற்காது. அது தானாகவே நிற்கும். பெயர் சாவிக்கு! (என் பாட்டியும் சாவி தேடி ஓடுவார்.) ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அடுப்பு, கிணறு பக்கத்திலிருந்து நகர்த்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

பெங்களூரு நரம்பு மருத்துவர் டாக்டர் கே. எஸ். மணியும் மற்றவர்களும் எளந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வலிப்பு நோயாளிகளைத் தேடிக் கண்டார்கள். பினோபார்பிட்டால், பெனிட்டாயின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பல வருடம் விடாமல் கவனித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. 2001ல் லண்டனிலிருந்து வரும் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இந்த விவரம் வந்தது. ஆனால் "வலிப்பு நின்றுவிட்டதே" என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. திரும்பவும் வரும். டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த அக்காவுக்கு வருகிறேன். ஆஷா ஊழியர் அவர் வீட்டுக்குப் போனார். கொதிப்பு பார்க்கத்தான் போனார் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். படையைப் பார்த்தார். டாக்டரிடம் அழைத்துப் போனார். மாத்திரை இலவசம். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். அக்காவுக்கு ஒரு வருடம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் மற்றவருக்குப் பரவாது. மகள் கல்யாணமும் நடந்தது. நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் விரலில் போன உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு வருடம் மறைத்ததற்கு அதுதான் விலை. இப்போதும் துணி பிடித்துத்தான் பாத்திரம் இறக்குகிறார்.

வரும் வியாழக்கிழமை ஆஷா ஊழியர் நம் தெருவுக்கு வருகிறார். கையையும் காலையும் மட்டும் காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். உள்ளே போய் முதுகையும் காட்டுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத இடம் அதுதான்.