குறையைச் சொல்லி விற்போம், பார்த்து வாங்குவோம்
(சாரத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேசுவோம். இன்று கார் இன்ஜினைப் பற்றிப் பேசப் போகிறோம். வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில், பழைய சிறிய கார் வாங்குவதற்கென்று வருபவை கூடிக்கொண்டே போகின்றன. அந்தப் பணம் உங்கள் ஜகாத்தும் சதக்காவும் அல்ல என்றாலும், பலர் நம்பி ஒப்படைத்த அமானிதம்.

நம் சகோதரர் ஒருவர், தம் தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல, நம்மிடம் கடன் பெற்று ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். மூன்றாம் வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வண்டி கொதித்து நின்றுவிட்டது. தாயாரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வெயிலில் நின்றார். மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஹெட் கேஸ்கட் முன்பே போயிருக்கிறது. தினமும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். விற்றவரும் நம்மவர்தான். அழைத்துக் கேட்டோம். "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த உரை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். நம் தெருக்களில் ஓடும் மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ 800 எல்லாம் 796 சிசி இன்ஜின் கொண்டவை. மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில்; அதன் உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். ஆல்ட்டோ 800 உற்பத்தி 2023 வரை நடந்தது. இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றின் உட்குறுக்களவு 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். ஆக, ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த மாருதி 800-க்கு 37 குதிரைத்திறன். ஆல்ட்டோ 800-க்கு ஏறத்தாழ 47. ஆல்ட்டோ கே10 வேறு: அது 998 சிசி, அதிலும் மூன்று சிலிண்டர்தான்.

இந்தக் கணக்கு ஏன் என்றால், மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேம்பாலம் ஏறும்போது இழுக்காது, நிற்கும்போது வண்டியே குலுங்கும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் லேசான அதிர்வு இயல்பு. ஸ்டியரிங்கும் கண்ணாடியும் சேர்ந்து ஆடினால் அது இயல்பல்ல. ஸ்பார்க் பிளக் மட்டும் என்றால் செலவு சிறிது. வால்வோ பிஸ்டன் ரிங்கோ என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது சூடு. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் ஓடாமை, தெர்மோஸ்டாட் திறக்காமை, கூலன்ட் கசிவு ஆகியவையே காரணம். ஹெட் அலுமினியத்தால் ஆனது. கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் வளைந்துவிடும், கேஸ்கட் போகும், தண்ணீரும் ஆயிலும் கலக்கும். சூட்டு முள் ஏறினால் "இன்னும் கொஞ்சம் தூரம்தான்" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூன்றாவது டைமிங் பெல்ட். 796 சிசி இன்ஜினில் ரப்பர் பெல்ட், கே10-ல் செயின். பெல்ட் வெளியே தெரியாது, அறுவதற்கு முன் சத்தமும் போடாது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே வண்டி சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆயில் மூடியைத் திறங்கள்; உள்ளே பால் கலந்த தேநீர் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. காலையில் கொஞ்சம் வெண்ணிற ஆவி வருவது இயல்பு. சூடான பிறகும் அடர்த்தியாக வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. அதனால் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் வெள்ளக்காடானதை நாம் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் துருவும் சேறும் இருக்கிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

இனி விற்பவர்களுக்கு. மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும் பொய் எதுவும் சொல்லவில்லை; ஈரத்தை அடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். "அவர் கேட்கவில்லை" என்ற பதில் அங்கே செல்லவில்லை. மறைந்திருந்த பழைய குறை பின்னால் தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று பிக்ஹு நூல்கள் சொல்கின்றன.

இதை எடுத்துச் சொன்னோம். விற்றவர் இரண்டு நாள் கழித்து வந்து, ரிப்பேர் செலவு முழுவதையும் கொடுத்தார். "வீட்டில் நிம்மதியில்லை" என்றார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக. வண்டி இப்போது ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

எனவே நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. கார் வாங்கக் கடன் கேட்பவர், வண்டியைப் பார்த்த மெக்கானிக்கின் குறிப்பைக் கொண்டுவர வேண்டும். விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது; குறையையும் எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறை சொன்னால் விலை சில ஆயிரம் குறையும். குறைந்து வரும் அந்தப் பணம் ஹலாலாக வரும், இன்ஷா அல்லாஹ்.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நேர்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.