தணிகைப் படியிலே குறிக்கணக்கு

(திருத்தணியில் ஆசிரியர் நடுவே நிகழ்த்தப்பெற்ற உரை)



தணிகைக் குன்றின்மேல் முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365 என்பதும், அவை ஆண்டின் நாள்களைக் குறிக்கும் என்பதும் இவ்வூர்ச் சிறுவர் அனைவரும் அறிந்தனவே. அவர்கள் ஏறி இறங்கிப் பழகிய அப்படிகளைக் கொண்டே ஓர் ஆறாம் வகுப்பு மாணவனை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “ஒருவன் சில படிகள் ஏறி இளைப்பாறுகின்றான். ஏறிய படிகளைவிட ஏறவேண்டிய படிகள் 45 மிகுதி. அவன் ஏறியவை எத்தனை?”

மாணவன் சற்றே திகைப்பான். தரையில் இரண்டு கோடுகள் இழுக்கச் சொல்லுங்கள். முதற்கோடு ஏறியவை, இரண்டாவது கோடு ஏறவேண்டியவை. இரண்டாவது, முதற்கோட்டினும் ஒரு துண்டு நீண்டிருக்கும். அந்தத் துண்டே 45. துண்டை வெட்டி எறிந்துவிட்டால் இரண்டு கோடுகளும் ஒரே நீளம். எஞ்சிய படிகள் 320. ஒரு கோட்டுக்கு 160. ஏறியவை 160, ஏறவேண்டியவை 205. இவ்வளவையும் அவன் ஒரு குச்சியால் மண்ணில் கீறியே கண்டுவிடுவான்.

அதே மாணவன்முன் கரும்பலகையில் ‘எக்சு கூட்டல் எக்சு கூட்டல் 45, நிகர் 365’ என்று எழுதிவிட்டுத் தீர்வு காண்க என்றால் அவன் வாய் அடைத்துப் போகின்றது. அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. அவன் அறிந்த பொருளைப் பறித்துக்கொண்டு, அறியாத எழுத்தொன்றைக் கையில் திணித்தோம், அதுதான் நிகழ்ந்தது. பொருள் முன்னே, படம் அடுத்து, எழுத்து கடைசியில் என்னும் வரிசையைத் தலைகீழாக்கியதே குறிக்கணக்கு என்றதும் பிள்ளைகள் அஞ்சுவதற்கு முதற்கரணியம்.

பாடநூல்கள் இயற்கணிதம் என்று பெயரிட்டுள்ளதையே இவ்வுரை குறிக்கணக்கு என்று வழங்குகின்றது. ஆங்கிலர் இதற்கு வழங்கும் பெயரோ ஆங்கிலமே அன்று; அரபுச்சொல். ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமி எழுதிய நூற்பெயரில் உள்ள ‘அல்சபர்’ என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் நுழைந்தது. முறிந்ததை மீண்டும் பொருத்துதல் என்பது அதன் பொருள். அந்நூலில் எக்சும் இல்லை, ஒய்யும் இல்லை. கணக்கு முழுதும் சொற்களாலேயே நடக்கின்றது. தெரியாத எண்ணை அவர் ‘பொருள்’ என்று பொருள்படும் அரபுச் சொல்லாலேயே குறித்தார். எழுத்துகளை முறையாகக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு நாட்டு வியேத்து. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். எக்சு முதலிய கடையெழுத்துகளைத் தெரியாத எண்ணுக்கு வழங்கியவர் தெக்கார்த்து, 1637-இல். அல்குவாரிசுமிக்கும் தெக்கார்த்துக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் ஓடின. உலகம் எண்ணூறு ஆண்டுகளில் கடந்த தொலைவை ஒரு பாடவேளையில் கடந்துவிடுமாறு பதினொரு அகவைப் பிள்ளையை விரட்டுகின்றோம்.

அரபு நூலின் இரண்டு செயல்களுள் ஒன்று, ஒருபுறம் குறைத்திருந்ததை இருபுறமும் கூட்டி நிறைவு செய்தல். மற்றொன்று, இருபுறமும் உள்ள ஒன்றையே இருபுறமும் நீக்குதல். இதை விளக்க ஆடிக் கிருத்திகையில் இம்மலைக்கு வரும் காவடியினும் நல்ல கருவி வேறில்லை. காவடித் தண்டின் நடு தோளில் இருக்க, இருதலையிலும் சுமை ஒத்திருந்தால்தான் தண்டு நேர்நிற்கும். ஒருதலையில் ஒரே நிறையுள்ள மூன்று பாற்குடங்களும் ஒரு கிலோ வெல்லமும். மறுதலையில் அத்தகைய ஒரு குடமும் ஏழு கிலோ வெல்லமும். தண்டு நேராக நிற்கின்றது. ஒரு குடத்தின் நிறை என்ன? இருதலையிலிருந்தும் ஒவ்வொரு கிலோ வெல்லத்தை எடு. தண்டு சாயாது. இருதலையிலிருந்தும் ஒவ்வொரு குடத்தை எடு. அப்போதும் சாயாது. இப்போது இருப்பவை ஒருதலையில் இரு குடம், மறுதலையில் ஆறு கிலோ. குடம் ஒன்று மூன்று கிலோ. இவ்வளவும் கண்டபின் ‘3கு + 1 = கு + 7’ என்று எழுதினால், பிள்ளைக்கு அந்த வரி காவடியின் படமாகவே தெரியும்.

வகுப்பறைகளில் வழக்கமாய்ச் சொல்லப்படுவது வேறு. ‘அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்பது அது. ஏன் ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு விடையில்லை. ‘அப்படித்தான்’ என்பதே விடை. இது மந்திரமா, கணக்கா? எண் எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இருபுறமும் ஒன்றையே எடுக்கின்றோம். அல்லது ஒன்றையே இடுகின்றோம். ஆயினும் காவடிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. குறையெண்ணைத் தண்டில் தொங்கவிட முடியாது. ‘கழித்தல் ஐந்து கிலோ வெல்லம்’ என்று ஒன்றில்லை. அங்கே மீண்டும் படிக்கட்டுக்கே வரவேண்டும். இளைப்பாறும் மேடையைச் சுழியம் என்க. மேலே ஐந்தாம் படி கூட்டல் 5, கீழே ஐந்தாம் படி கழித்தல் 5. ஒரே படத்தைக் கொண்டு எல்லாக் கருத்தையும் இழுத்துச் செல்ல முயல்பவர் இடையில் பிள்ளையைத் தொலைத்துவிடுவர்.

இனி, இப்பகுதிக்கே உரிய செல்வம் ஒன்று. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவ்வட்டாரப் பள்ளிகளில் பலர். இரண்டு எண்களைக் கூட்டி அக்கூட்டுத்தொகையைத் தன்னாலேயே பெருக்கினால் என்ன வரும் என்பது குறிக்கணக்கில் பிள்ளைகள் மிகுதியும் தவறும் இடம். ‘முதலெண்ணின் அடுக்கு, இரண்டாம் எண்ணின் அடுக்கு, அவ்வளவே’ என்று எழுதிவிடுவார்கள். இதைத் திருத்தச் சிவப்புமை வேண்டா. கட்டம் போட்ட துணி போதும்.

நீளமும் அகலமும் ஒத்த ஒரு துணியை எண்ணுங்கள். பாவில் பத்து விரல் அகலம் வெள்ளை நூல், அடுத்து மூன்று விரல் அகலம் சிவப்பு நூல். ஊடையிலும் அவ்வாறே பத்து விரல் வெள்ளை, மூன்று விரல் சிவப்பு. நெய்து முடித்தபின் துணியில் தெரிபவை யாவை? வெள்ளைப்பாவில் வெள்ளையூடை விழுந்த இடம் தூய வெண்கட்டம். அது பத்துக்குப் பத்து, 100. சிவப்புப்பாவில் சிவப்பூடை விழுந்த மூலை அடர்சிவப்பு. அது மூன்றுக்கு மூன்று, 9. ஆனால் சிவப்பும் வெள்ளையும் கலந்த வெளிர்சிவப்புப் பட்டைகள் இரண்டு இருக்கின்றனவே! ஒன்று நெடுக்கில், ஒன்று குறுக்கில். ஒவ்வொன்றும் பத்துக்கு மூன்று, 30. எல்லாம் சேர்ந்து 169. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கியதும் அதுவே. வெள்ளையின் அகலத்தை ‘வெ’ என்றும் சிவப்பின் அகலத்தை ‘செ’ என்றும் வைத்தால், (வெ + செ)² = வெ² + 2 × வெ × செ + செ². அந்த ‘2’ எங்கிருந்து வந்தது என்று நெசவாளி மகளைக் கேட்க வேண்டுவதில்லை. அவள் அந்த இரண்டு வெளிர்ப்பட்டைகளைக் கைக்குட்டையிலும் கைலியிலும் பிறந்தநாள் முதல் பார்த்திருக்கின்றாள். வெளிர்ப்பட்டைகள் இல்லாத கட்டத்துணியைத் தன் தந்தையாலும் நெய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்ப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் தமிழெழுத்தே நன்று. படிக்குப் ப, குடத்துக்குக் கு. பின்னர் எக்சும் ஒய்யும் வரட்டும். உலக வழக்கு அதுவாகையால் அதையும் அறிந்தே ஆகவேண்டும். தமிழெண்களையும் உடன் எழுதும் நல்லுள்ளத்தார் ஒன்றைக் கருதுக: க, உ, எ, அ என்பவை 1, 2, 7, 8 என்னும் எண்களாகவும் படிக்கப்பெறும். அங்கே வேறெழுத்துக் கொள்ளாவிடில் நம் ஆர்வமே பிள்ளைக்கு முட்டுக்கட்டையாகும்.

எழுத்து எண்ணைக் குறிக்குமேயன்றிப் பொருளைக் குறிக்காது என்பது அதனினும் இன்றியமையாதது. ‘3மா என்றால் மூன்று மாம்பழம்’ என்று சொல்லித்தரும் எளிய வழி ஒன்று பல வகுப்புகளில் உண்டு. அஃது இனிப்பாய்த் தொடங்கிக் கசப்பாய் முடியும். மாவையும் பலாவையும் பெருக்கச் சொன்னால் அப்பிள்ளை என்ன செய்யும்? மா என்பது பழமன்று. ஒரு பழத்தின் விலையாகிய எண், அல்லது ஒரு கூடையிலுள்ள பழங்களின் தொகையாகிய எண்.

பலா என்றதும் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நினைவுக்கு வரும். பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் தொகையைச் சொல்ல அந்நூல் ஒரு வழி கூறுகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இஃது எழுத்தில்லாத குறிக்கணக்கே அன்றோ? முள்ளின் தொகை மு என்றால் சுளையின் தொகை 6மு ÷ 5. முள் 50 என்றால் சுளை 60. இங்கே மு முள்ளன்று, முள்ளின் தொகை என்பதும் தானே விளங்கும். ஆனால் இவ்வாய்பாட்டைக் காட்டி ‘எல்லாம் எம் முன்னோர்க்குத் தெரியும்’ என்று கைதட்டி முடித்துவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. பழத்தை வகுப்புக்குக் கொண்டு வருக, முள்ளை எண்ணுக, அறுத்துச் சுளையையும் எண்ணுக. வாய்பாடு சொன்னதும் கையில் வந்ததும் எவ்வளவு வேறுபட்டன என்று எழுதுக. மு ஐந்தால் வகுபடாத எண்ணாக இருந்தால் விடை பின்னமாக வருமே, அரைச்சுளை ஏது என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வகுப்பில் அன்று குறிக்கணக்கு பிறந்துவிட்டது என்க.

தமிழில் இவையெல்லாம் இயலுமா என்று ஐயுறுவார் இன்றும் உளர். அவர்க்கு 1855-ஆம் ஆண்டே விடை சொல்லிவிட்டது. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாத பிள்ளை எழுதிய ‘வீசகணிதம்’ வெளிவந்தது. பெயர் வடசொல்தான், உள்ளே நடப்பது தமிழ். வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்ற அவர், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டம் பெற்ற இருவருள் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பல்கலைக்கழகம் முதற்பட்டம் தருமுன்பே குறிக்கணக்கு தமிழில் அச்சேறிவிட்டது.

பின்வந்தோர் ஆக்கிய கலைச்சொற்களையும் எண்ணிப் பாருங்கள். மாறும் எண்ணுக்கு மாறி, மாறாததற்கு மாறிலி, உறுப்புகளைக் கோத்தால் கோவை, எழுத்தோடு கெழுமி நிற்கும் எண்ணுக்குக் கெழு. சொல்லைக் கேட்டதும் பாதிப்பொருள் விளங்குகின்றது. இதே கருத்துகளுக்குரிய ஆங்கிலச் சொற்களை உருப்போடும் பிள்ளைக்கு அச்சொல்லும் ஒரு தெரியாத எண்ணாகி, ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாதவை நிற்கின்றன. அதற்கு ஒரே தீர்வு கிடைக்காது என்பதைக் குறிக்கணக்கே சொல்லும்.

இதைத் திருத்தணியில் நின்று சொல்வதற்குக் கரணியம் உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் வகுக்கப்பட்டபோது இவ்வூர் அதனுள் அடங்கியது. 1953 அக்தோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு போயிற்று. வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகப் படாசுகர் பரிந்துரை வழியே 1960 ஏப்பிரல் 1-இல் தமிழ்நிலத்தோடு மீண்டது. அம்மீட்சியைக் காணாமலே 1953-இல் மறைந்த மங்கலங்கிழார், இவ்வெல்லைச் சிற்றூர்களில் தமிழ் கற்பித்தே தமிழுணர்வை எழுப்பியவர். மீட்ட மண்ணில் இன்று என்ன நடக்கின்றது? தனியார் பள்ளிகள் ஒருபுறமிருக்க, 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பெற்றன. எல்லைக்கல்லை நகர்த்தியவர்களால் கரும்பலகையை நகர்த்த முடியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இங்கு உளர். அவர்கள் தம் மொழியில் கணக்குக் கற்பதைத் தமிழர் தடுக்க வேண்டுவதில்லை. இரு திறத்தார்க்கும் தாய்மொழியல்லாத ஒன்றில் இருவரையும் ஒருசேரத் திக்கவைப்பதில் யார்க்கு என்ன பயன்?

பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. தமிழ்வழி வகுப்பில் கணக்கு நன்கு விளங்குகின்றது என்பதை அவர்கள் தம் பிள்ளையின் வாயால் கேட்டால் நம்புவர். ஆகவே நாளைக் காலையில் செய்யத்தக்க ஒன்று. வகுப்பு மாணவியரைத் தரையில் நேர்ப்புள்ளிக் கோலம் போடச் சொல்லுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என ஐந்து வரிசை, புள்ளிகள் 13. நடுவரிசை ஏழாக இருந்தால் 25. ஒன்பதாக இருந்தால் 41. இவ்வளவும் எண்ணியே எழுதட்டும். பின்பு 13 என்பது 9-உம் 4-உம், 25 என்பது 16-உம் 9-உம், 41 என்பது 25-உம் 16-உம் என்று அவர்களே காணும்வரை காத்திருங்கள். விடையைச் சொல்லிவிடாமல் வாய்பொத்தி நிற்பதுதான் ஆசிரியர்க்குக் கடினம். நடுவரிசை வரையுள்ள வரிசைகள் ந என்றால் புள்ளிகள் ந² + (ந – 1)² என்று பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி மாணவியின் கையில் இருக்கட்டும்.

அதன்பின், நடுவரிசையில் இருபத்தொரு புள்ளி உள்ள பெருங்கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். வாசலில் அவ்வளவு இடமில்லை. ஒருத்தியும் குனிந்து மாவை எடுக்க மாட்டாள். நடுவரிசை பதினோராவது, 121-உம் 100-உம் சேர்ந்து 221 என்று நின்றபடியே சொல்வார்கள்.