நெஞ்சில் ஏறும் புளிப்பு

தமிழில் 'எதுக்களித்தல்' என்றொரு சொல் உண்டு. உண்ட உணவு, குமட்டலோ வாந்தியோ இன்றித் தானே மேலெழுந்து தொண்டையைத் தொட்டு, புளிப்பையும் எரிவையும் அங்கே விட்டுச் செல்வதை அச்சொல் குறிக்கும். பால் குடித்த குழந்தை கக்குவதையும் நம் பாட்டிமார் அச்சொல்லாலேயே வழங்கினர். இத்துணைச் செப்பமான சொல் கைவசம் இருக்க, நம்மில் பெரும்பாலோர் மருத்துவர் முன் அமர்ந்து 'கேஸ் டிரபிள்' என்றோ 'அல்சர்' என்றோ கூறிவிட்டு வருகிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எமக்கு இது உறுத்துகிறது. சொல் தவறினால் நோயும் தவறாகவே அறியப்படும் என்பதைத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் நேரே கண்டோம்.

யாம் இங்குள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகின்றோம். நாற்பது வயதைக் கடந்த சில மாதங்களில் எமக்கு ஒரு தொல்லை தொடங்கிற்று. காலையில் எழுந்தால் குரல் கம்மியிருக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியது போன்று இருக்கும். எத்துணை முறை காறினாலும் அது போகாது. மூக்கின் பின்புறத்திலிருந்து சளி வழிவது போன்ற உணர்வு நாள் முழுதும் நீடிக்கும். கன்னத்தெலும்பில் ஒரு கனம். இவ்வூரோ ஈரம் மிகுந்த ஊர். ஜூன் மாதத்தில் இடவப்பாதி மழை. அது ஓய்ந்து நிமிர்வதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். புத்தக அலமாரியில் பூஞ்சணம் படர்வதைக் காண்பவர் எவரும், 'இது சைனஸ், இவ்வூர்த் தண்ணீரும் காற்றும் உங்களுக்கு ஒத்துவரவில்லை' என்றே கூறினர். ஊரை விட்டு வந்தவர்க்கு எந்நோய் வந்தாலும் வந்த ஊரின் மேல் பழி போடுவது எளிது. நான்கு ஆண்டுகள் ஆவி பிடித்தோம், மூக்கில் மருந்து தெளித்தோம், மாத்திரைகள் விழுங்கினோம். ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எழுதித் தரப்பட்டன. பத்து நாள் நலம். பின்னர்ப் பழைய கதை.

இறுதியில் தொண்டையைக் குழல்நோக்கி கொண்டு பார்த்த மருத்துவர் ஒருவர், மூக்கைப் பற்றி ஒன்றும் கேளாமல், 'இரவு உணவு எத்தனை மணிக்கு? படுப்பது எத்தனை மணிக்கு?' என்று வினவினார். அதன் பின்னர் இரைப்பையையும் உள்நோக்கிப் பார்த்தனர். உதரவிதானத்தின் துளை வழியே இரைப்பையின் மேற்பகுதி சிறிதளவு நெஞ்சுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது.

இதனை நேயர்கள் மனக்கண்ணில் காண்பது கடினமன்று. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே விதானம் கட்டியது போல ஒரு தசைத்தகடு உள்ளது, அதுவே உதரவிதானம். உணவுக்குழாய் அதிலுள்ள ஒரு துளையின் வழியே இறங்கி இரைப்பையைச் சேர்கின்றது. அவ்விடத்தில் குழாயின் கீழ்முனையைச் சுற்றியுள்ள தசை சுருங்கி நின்று, உணவை இறங்கவிடும், மேலேற விடாது. துளையைச் சூழ்ந்த உதரவிதானத் தசையும் அதற்குத் துணைநிற்கும். வயது, உடற்பருமன், கருவுறுதல், நாட்பட்ட இருமல், மலங்கழிக்க முக்குதல் முதலியவற்றால் அத்துளை தளர்ந்து இரைப்பை மேலே நழுவும்போது, இவ்விரு காவல்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. காவல் தளர்ந்த வாயிலில் அமிலம் ஏறுகின்றது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உள்ளுறை உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை. தொண்டைக்கும் குரல்நாண்களுக்கும் அறவே இல்லை.

மருத்துவச் சீட்டில் இருந்த பெயரைத் தமிழாக்க முயன்றபோது எமக்கு ஓர் இடர் நேர்ந்தது. 'ஹெர்னியா'வுக்கு நாம் 'குடலிறக்கம்' என்கிறோம். இங்கோ குடலும் இல்லை, இறக்கமும் இல்லை, இரைப்பை ஏறுகின்றது! 'இரைப்பை ஏற்றம்' என்றால் நம் வீட்டாருக்கு விளங்கும். ஆதலின் அப்பெயரையே இவ்வுரையில் வழங்குவோம். இப்பெயரைக் கேட்டதும் அஞ்சவேண்டுவதில்லை. பெரும்பாலானவை மேலும் கீழும் நழுவும் சிறிய வகையே. பலர் தமக்கு அது உண்டென்று அறியாமலேயே வாழ்ந்து முடிக்கின்றனர். இரைப்பையின் ஒரு பகுதி உணவுக்குழாயின் பக்கவாட்டில் உருண்டு ஏறும் வகை அரிது. அதுவே இறுகிக்கொள்ளும் அபாயம் உடையது.

மூக்குக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அமிலமும், உணவைச் செரிக்கும் பெப்சின் என்னும் நொதியும் ஆவியாகவோ துளியாகவோ தொண்டை வரை ஏறும்போது, அங்குள்ள சவ்வு வீங்கித் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரக்கின்றது. அச்சளியே மூக்கிலிருந்து வழிவது போல நமக்குத் தோன்றும். சிலருக்கு நெஞ்செரிச்சல் என்பதே இராது. இருமலும் குரற்கம்மலும் மட்டுமே இருக்கும். எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். நாட்பட்ட சைனஸ் அழற்சி உடையவர்களிடம் எதுக்களித்தல் மிகுதியாகக் காணப்படுகின்றது என்பது உண்மை. அதனால்தான் இது வந்தது என்று மருத்துவ உலகம் இன்னும் முடிவு கட்டவில்லை. அமிலத்தைக் குறைத்தவுடன் சிலருக்கு மூக்கும் சீராகின்றது, சிலருக்கு ஆவதில்லை. ஆகவே மூக்கைச் சோதிக்காமல் எல்லாவற்றையும் வயிற்றின் தலையில் கட்டுவதும் பிழையே. இதனினும் திண்ணமான உறவு வேறொன்று உண்டு. சைனஸ் தலைவலிக்கென நாம் கடையில் வாங்கி விழுங்கும் இபுப்ரோஃபென், டைக்குளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகள் இரைப்பையைப் புண்படுத்துபவை. மூக்குக்குத் தின்ற மருந்து வயிற்றைக் கெடுக்கும். கெட்ட வயிறு தொண்டையைச் சுடும். சுட்ட தொண்டைக்கு மீண்டும் மாத்திரை.

மொழியின் செய்திக்கு வருவோம். எம் நண்பர் ஒருவர், நெல்லைச் சீமையிலிருந்து இவ்வூருக்கு வந்து சில மாதங்களே ஆனவர், மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர், 'புளிச்சு திகட்டல் உண்டோ?' என்று மலையாளத்தில் வினவினார். நண்பர் சிரித்து, 'இல்லை, நான் இனிப்பே உண்பதில்லை' என்றார். தமிழில் திகட்டல் என்பது இனிப்பு மிகுந்து தெவிட்டுவது. மலையாளத்தில் அது உண்டது மேலெழுந்து வருவது. ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல் இரண்டு மாநிலங்களில் இரண்டு பொருள் பெற்றுவிட்டது. சீட்டில் 'எதுக்களித்தல் இல்லை' என்று குறிக்கப்பட்டது. அவர் வயிறு ஆறு மாதம் கழித்தே கவனம் பெற்றது.

ஆகவே பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள், தாம் வாழும் ஊரில் இதற்கு வழங்கும் பெயரைத் தெரிந்து வைத்திருத்தல் நலம். தில்லியில் நெஞ்செரிச்சலுக்கு 'ஸீனே மே(ம்) ஜலன்' என்பர். புளித்த ஏப்பத்துக்குக் 'கட்டீ டகார்'. கன்னடத்தில் 'எதெயுரி', 'ஹுளி தேகு'. தெலுங்கில் 'குண்டெ மண்ட', 'புளி தேன்புலு'. மராட்டியில் 'சாத்தீத் ஜள்ஜள்'. வங்கத்தில் 'அம்பல்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கின்றது. தென்மொழிகள் மூன்றிலும் நம் புளியே ஒலிமாறி நிற்பதைக் கேட்கையில், நோயிடையேயும் எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

'அல்சர்' என்னும் சொல்லையும் இங்கே பிரித்தறிதல் வேண்டும். இப்பகுதிக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் ஒருவரான தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், அப்பயணம் முடிந்து தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைக் காண வந்தார். நோயாளிகள் திரண்டு நிற்பதையும் கைகள் போதாமையையும் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை விடுத்து இங்கேயே பணியாற்ற முடிவுசெய்தார். இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றபோது, தொண்டையின் உட்சவ்வு உறைபனியால் கெட்டுக் கழன்று மூச்சை அடைக்க, நெஞ்சை அழுத்தி அதனை இருமி வெளியேற்றி உயிர் பிழைத்தார். நெய்யூரில் அவர் கத்தியேந்திய நோய்களுள் முதன்மையானது முன்சிறுகுடற்புண். அந்நாளில் அறுவையே பெரும்பாலும் கதி. நெய்யூர் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இன்று குமரி மாவட்டத்தில் உள்ளது. 1982இல் ஆஸ்திரேலியரான மார்ஷலும் வாரனும் அப்புண்ணின் பின்னே ஒரு கிருமி இருப்பதைக் கண்டு, 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். சோமர்வெல் கத்தியால் செய்ததை இன்று இரண்டு வார மாத்திரைகள் செய்கின்றன. ஆனால் நாம் பேசும் எதுக்களித்தல் கிருமியால் வருவதன்று. வாயிலின் தளர்ச்சியால் வருவது. ஆகவே அது அவ்வாறு ஒரேயடியாக முடிவதில்லை. அதனோடு வாழப் பழக வேண்டும்.

எப்படி வாழ்வது? எம் இல்லத்தில் இரவு உணவு ஏழரை மணிக்கு முன் முடிகின்றது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னரே வயிறு வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது மருத்துவர் ஆணை. தட்டுக்கடைகள் விளக்கேற்றி மணம் பரப்பும் நேரமே பத்து மணியாகிய இவ்வூரில் இது சிறிய துறவன்று. மரச்சீனியும் குடம்புளியிட்ட மீன்கறியும் நண்பகலுக்கு மாறின. பரோட்டாவின் கொழுப்பும், வெறும் வயிற்றில் பருகும் கட்டன் சாயாவும் எம்மை வருத்தின. மற்றொருவரை வருத்தாமல் இருக்கலாம். எல்லோர்க்கும் ஒரே பட்டியல் எழுதிக் கொடுப்பவரை யாம் நம்புவதில்லை. கொழுப்பு, புகையிலை, மது, வயிறு முட்ட உண்ணல் ஆகியவை மட்டும் பெரும்பாலோர்க்கும் தீங்கே. விருந்து முடிந்தபின் வாயில் போட்டுக்கொள்ளும் பெப்பர்மின்ட் குளிர்ச்சியளிப்பதாகத் தோன்றினாலும் காவல் தசையைத் தளர்த்தக்கூடியது. இறுக்கிய பெல்ட்டும் அவ்வாறே வயிற்றை மேல்நோக்கித் தள்ளும். உடல் எடையில் சில கிலோ குறைந்தாலே பலருக்கு எரிச்சல் தணிகின்றது.

கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின் கீழ்ச் செங்கற்கள் வைத்து அரையடி உயர்த்தினோம். தலையணை மேல் தலையணை அடுக்கினால் பயனில்லை. உடல் இடுப்பில் மடிந்து வயிறு மேலும் நசுங்கும். முதல் வாரம் எம் மனையாள், கப்பலில் உறங்குவது போலிருக்கிறது என்றார். இப்போது சமதளக் கட்டிலில் அவருக்கே உறக்கம் வருவதில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை குழாய்வாயிலுக்குக் கீழே தங்கும். வலப்பக்கம் படுத்தால் அமிலம் வாயிலையே மோதும்.

மருந்துகளில் 1988இல் சந்தைக்கு வந்த ஒமெப்ரசோலும் அதன் இனமும் முதன்மையானவை. உண்பதற்கு அரைமணி நேரம் முன்னர் அவற்றை உட்கொள்ளல் வேண்டும். உண்டபின் விழுங்கினால் பயன் குன்றும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னினும் மிகுந்து சுரக்கும். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடக்கட்டும். மருந்துக்கும் அடங்காதவர்க்கு, இரைப்பையின் மேற்பகுதியைக் குழாயின் கீழ்முனையைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் அறுவை உண்டு. ருடோல்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1955இல் பாசல் நகரில் அதனை முதன்முதலாக இந்நோய்க்கெனச் செய்தார். இன்று சிறு துளைகள் வழியே செய்கின்றனர்.

நெஞ்சில் வலி என்றால் முதலில் இருதயத்தை ஐயுறுக. அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலும், 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். உறவினர் அருகில் இல்லாத ஊரில் தனியே வாழ்பவர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்க. விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக்குறைவு, கருநிற மலம், இரத்த வாந்தி, சோகை ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் உள்நோக்கிச் சோதனையை ஒத்திப்போடலாகாது.

எஞ்சியது இரயில் பயணம். ஊருக்குச் செல்லும் நம்மவர்க்கு இரண்டு இரவுப் பயணம் புதிதன்று. கேரளா எக்ஸ்பிரஸில் தில்லி செல்பவரும் அதனை அறிவர். நடுப்படுக்கையை விரிக்கும்வரை புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து, உண்டவுடன் படுத்துவிடுவது நம் வழக்கம். மாலையிலேயே சிறிது இட்லியோ தயிர்ச்சோறோ உண்டுவிட்டு, விளக்கணையும் வரை நிமிர்ந்து அமர்ந்திருப்பது நலம். இரயிற்படுக்கையின் தலைப்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்த இயலாது. பயணப்பையைத் தோளிலிருந்து தலைவரை சரிவாக அண்டக்கொடுத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். எந்தப் பக்கம் சுவர் வரும் என்பதைப் பொறுத்துத் தலைவைக்கும் திசையை முன்னரே முடிவுசெய்துகொண்டால், நள்ளிரவில் அயலாரை எழுப்பித் திரும்பிப் படுக்கும் வேலை இராது.