கருப்பைச் சுரண்டற் சிகிச்சை

(சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் பொதுச் சபைக்கு ஏற்றதன்றென்று சிலர் எண்ணக்கூடும். நாணத்தை யாம் இகழ்வோமல்லோம். ஆயினும் நோயை மறைக்கும் நாணம் உயிருக்கே உலைவைக்கும். ஆதலின் ஆடவரும் இருந்து கேட்குமாறு வேண்டுகிறோம்.

ஆஸ்பத்திரிகளில் "டி அண்டு சி" என்றும், வீடுகளில் "கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தல்" என்றும் வழங்குவது இச்சிகிச்சையே. கருப்பையின் வாயைச் சிறிது சிறிதாக விரித்து, அதன் உட்சவ்வைச் சிறு கரண்டி போன்ற கருவியாற் சுரண்டியெடுப்பர். வயிற்றைக் கீறுவதுமில்லை; தையலிடுவதுமில்லை. மயக்கமருந்து கொடுத்துச் சுமார் 10 அல்லது 15 நிமிஷங்களில் முடித்துவிடுவர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

இதன் பயன் இருவகைத்து. ஒன்று நோயறிதல். மிகுதியாகவோ முறைதவறியோ உதிரம் போகுமாயின், எடுத்த சவ்வைப் பரிசோதித்துக் காரணம் காண்பர். கருப்பையிற் பற்றிய க்ஷயரோகமும் இவ்வாறே வெளிப்படுவதுண்டு. மாதவிலக்கு முற்றும் நின்றபின் ஒருமுறை உதிரம் காணினும் அலட்சியம் செய்தலாகாது. அத்தகையோரிற் சுமார் பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கின்றது. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாவதும் அந்நோயே. இக்காலத்தில் முதலில் ஸ்கேன் எடுத்து, மெல்லிய குழாயினாலேயே சவ்வைச் சிறிது எடுத்தும், உள்நோக்குங் கருவியாற் பார்த்தும் அறிவர்.

மற்றொன்று நோய் நீக்கல். கர்ப்பம் கலைந்தபின்னரோ, பிரசவத்தின் பின்னரோ உள்ளே தங்கிய துணுக்குகளால் உதிரப்போக்கும் சுரமும் உண்டாகும்போது, இது உயிர்காக்கும். ஆனால் கர்ப்பம் கலைந்தோர்க்குக் கூரிய சுரண்டியை விடுத்து, உறிஞ்சுங் கருவியையோ மாத்திரையையோ கையாளுமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2012-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அடிக்கடி அழுந்தச் சுரண்டினால் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடும். இதனை ஆஷர்மன் என்னும் வைத்தியர் 1948-இல் விரித்துரைத்தார்.

"இச்சிகிச்சை செய்துகொண்டவள் மலடியாவாள்" என்று நம் வீடுகளிற் கூறுவது தவறு. பெரும்பாலோர் மீண்டும் கருத்தரிக்கின்றனர். கர்ப்பம் கலைந்ததற்கு மருமகளைக் குறைகூறுதலோ அதனினும் கொடிது. முதல் மூன்று மாதங்களிற் கலைவனவற்றுள் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்வன. அவள் குடந்தூக்கியதும் படியேறியதும் காரணமல்ல. துயருற்றவளுக்கு வேண்டுவது ஆறுதல், பழிச்சொல் அன்று.

சகோதரிகளே! மூன்று விஷயங்களை மறவாதீர். எதற்காக இச்சிகிச்சை என்று வைத்தியரைக் கேட்டறிந்தபின்னரே கையொப்பமிடுங்கள். எடுத்த சவ்வைப் பரிசோதனைக்கு அனுப்பினால், முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீடு திரும்பியபின் சுரம், கடும் வயிற்றுவலி, துர்நாற்றம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று காணினும், விடியட்டுமென்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

சகோதரர்களே! வீட்டுப் பெண்கள் வாய்திறந்து சொல்லத் தயங்காத அளவுக்கு அவர்கள்பால் அன்பாயிருத்தலே உமது கடமை. நகை செய்து பூட்டுவதினும் காலத்தில் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே மேலான சீராகும்.