வலை விரிந்தது, பாய் விரியவில்லை



2009 பிப்ரவரி 10. சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் இரிடியம் 33 செயற்கைக்கோள், செத்துக் கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 மீது மோதியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்! அவற்றை யார் போய்ப் பொறுக்குவது? ஆகவே, உடையும் முன்பே செத்த செயற்கைக்கோளை முழுசாகப் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத் தலைமையில் ‘ரிமூவ்டெப்ரி’ என்றொரு கலம் போனது. 2018 செப்டம்பரில் வலை வீசியது. நம் மீனவர் வீச்சுவலையின் ஓரத்தில் ஈயக்குண்டு கட்டுவார்கள் அல்லவா? இதிலும் குண்டுகள் உண்டு. ஆனால் அங்கே அவை கீழே இறங்கி வலையை மூடாது, எடையே இல்லையே! அதனால் குண்டுக்குள்ளேயே குட்டி மோட்டார் வைத்து, சுருக்குக் கயிற்றை இழுத்து வாயை மூடினார்கள்.

பிடித்தது! கைதட்டுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. சிக்கியது அந்தக் கலமே வெளியே விட்ட சின்னப் பெட்டி. 2012-இல் பேச்சிழந்த என்விசாட் செயற்கைக்கோளின் எடையோ 8 டன். அது உருண்டுகொண்டே சுற்றுகிறது.

2019 பிப்ரவரியில் ரிமூவ்டெப்ரி எய்த ஈட்டி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய்ந்து இலக்குத் தகட்டைத் துளைத்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அடுத்த மாதம் கடைசி வேலை: மெல்லிய பாயை விரித்து, அங்கே மிச்சமிருக்கும் காற்றின் உராய்வில் கலம் தானே சீக்கிரம் கீழிறங்க வேண்டும். பாய் சரியாக விரியவில்லை.

2017-இல் ஜப்பானுக்கும் இதே கதை. குப்பையை இறக்க உதவும் 700 மீட்டர் கயிற்றை வெளியே விட்டுப் பார்க்க நினைத்தார்கள். கயிறு வெளியே வரவேயில்லை.

எய்வது படமாகிறது, விரிவது காலை வாருகிறது! மாதக்கணக்கில் மடிந்து கிடந்து, வெயிலிலும் உறைகுளிரிலும் மாறி மாறி வாடி, ஒரே ஒரு முறை, தப்பாமல் திறக்க வேண்டும். புவியீர்ப்பு இருக்கும் தரையில் அதை முழுசாகச் சோதிக்கவும் வழியில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, ரோபோக் கை செய்து பரிசு வாங்குகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு மடித்து வைத்தால் சொன்னபடி விரிகிற ஒன்றைச் செய்து வாருங்கள். ஓராண்டு பெட்டிக்குள் பூட்டிவைத்து, இதே மேடையில் திறப்போம். விரிந்தால் பரிசு உண்டு, செலவு நம் விழாத் தலைவருடையது. அவர் சிரிக்கிறார், ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.