கடல் ஏறும் கணக்கும் கரையில் வாழும் ஜனங்களும்

(நாகை வட்டார மீனவர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் இந்த மேஜைமீது ஒரு வரைபடத்தை விரித்து வைத்தோம். ஒரு மூதாட்டி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இதிலே எங்க வீடு எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டார். நாம் விரலை வைத்துக் காட்டினோம். அவருடைய குப்பம் முழுவதும், அதற்கடுத்த ஆற்று முகத்துவாரமும் விரல் நுனிக்குள் மறைந்துபோயின. இன்றைய பேச்சு அந்த அம்மாளின் கேள்விக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்தான்.

அந்த வரைபடம் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் 2012-ல் வெளியிட்ட தொகுப்பைச் சேர்ந்தது. இந்தியக் கரையில் எந்தப் பகுதி கடல் ஏறினால் அதிகம் பாதிக்கப்படும் என்று காட்டுவது அதன் நோக்கம். ஒன்றுக்கு ஒரு லட்சம் என்ற அளவில் வரையப்பட்டது. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். நாம் விஞ்ஞானிகளைக் குறை சொல்ல வரவில்லை. கரை முழுவதற்கும் ஒரே முறையில் கணக்கெடுத்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஏழு விஷயங்களை எடுத்துக்கொள்கிறார்கள். கரை ஆண்டுக்கு எவ்வளவு அரிக்கிறது, கடல்மட்டம் எவ்வளவு ஏறுகிறது, தரையின் உயரம், கரையோரச் சரிவு, நிலத்தின் அமைப்பு, அலையின் உயரம், ஏற்றவற்றத்தின் அளவு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, பெருக்கி, ஏழால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். வருகிற எண் பெரிதானால் அபாயம் பெரிது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1999-ல் தங்கள் கரைகளுக்குக் கையாண்ட வழி இதுதான். அங்கே ஆறு விஷயங்கள்.

இதில் ஏற்றவற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நம் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. அப்படியானால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்க முறைப்படி அதற்குத்தான் மிக உயர்ந்த அபாய மதிப்பெண்! ஏன்? வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் வித்தியாசம் குறைவாயிருந்தால், புயல் எந்த நேரத்தில் வந்தாலும் கடல் ஏறக்குறைய ஏற்றத்தின் அளவிலேயே இருக்கிறது. புயல் தள்ளிவரும் தண்ணீர் அதன் மேலேயே ஏறி நிற்கும்.

கடல் எவ்வளவு ஏறுகிறது? உலக விஞ்ஞானிகளின் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 1901-லிருந்து 2018 வரை 20 சென்டிமீட்டர். 2006-க்கும் 2018-க்கும் இடையில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் கனத்தைவிடக் கூடுதல். 2100-க்குள், புகையை உடனடியாகக் குறைத்தால் சுமார் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை. குறைக்காவிட்டால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. அந்தப் புகையில் நம் கட்டுமரத்தின் பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை!

இனி தரையின் உயரத்துக்கு வருவோம். அந்தக் கணக்குக்கு அடிப்படை 2000 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு அளந்த உயரங்கள். மேலிருந்து பார்க்கும் ரேடாருக்கு வீட்டுக் கூரையும் தோப்பின் தலையும் தரையோடு கலந்துவிடுகின்றன. தாழ்ந்த கரையோரங்களில் இது சராசரியாகச் சுமார் இரண்டு மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. திருத்திய உயரத்தை வைத்துக் கணக்கிட்டால், உலகில் அபாயத்திலிருக்கும் ஜனங்களின் தொகை மும்மடங்குக்கு மேலாகிறது. வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அவற்றை வேரோடு சாய்த்தது. தோப்பு போயிற்று, வரைபடத்தில் மட்டும் தோப்பின் உயரம் இன்னும் தரையாக நிற்கிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இங்கே வந்திருக்கும் வயல் வேலைத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. நம் கடைமடையில் வெள்ளம் கடலிலிருந்து மட்டுமா வருகிறது? முதுகுப் பக்கத்திலிருந்தும் வருகிறது. வெண்ணாற்றுப் பிரிவுகளான அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் வடிகால்களும் தாமாகவே சரிந்து கடலில் விழ வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. அதே சமயம் வாடைக்காற்று கடலை முகத்துவாரத்தில் தூக்கிப் பிடிக்கிறது. கடல் ஓர் அடி உயர்ந்தால் வடிகாலின் சரிவில் ஓர் அடி குறைந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அதுவும் போயிற்று. இரண்டு நாளில் வடிந்த தண்ணீர் பத்து நாள் நிற்கும். சம்பாப் பயிர் அழுகும். நாற்று நட்டவளுக்கு அறுவடைக் கூலியும் இல்லை. மழை ஓய்ந்ததும் உப்பு ஆற்றின் வழியே உள்ளே ஏறும். ஏழு விஷயங்களில் இதற்கு ஓர் இடம் உண்டா? மழையும் இல்லை, வடிகாலும் இல்லை. கூலிக்காரியின் வீடும் இல்லை. கடலுக்கு மிக அருகே ஏழு மைல் கரை முழுவதும் ஆளே இல்லாமலிருந்தாலும், ஆயிரம் குடும்பங்கள் இருந்தாலும், வருகிற எண் ஒன்றேதான்!

வரைபடம் யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நாம் இழந்தோம். 2005 மார்ச்சில் வந்த அரசாணை என்ன சொல்லிற்று? கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர் அப்பால் போனால் புது வீடு. பழைய மனையைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போகாவிட்டால் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. சிலர் போனார்கள், வலையும் படகும் கரையில், தாங்கள் உள்ளே. சிலர் போகவில்லை. இரு சாராரையும் நாம் குறை கூறமாட்டோம்.

2019 ஜனவரியில் வந்த கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கையையும் பாருங்கள். ஜன நெருக்கமான கிராமப் பகுதிகளில் கட்டடம் கூடாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிற்று. கடல் ஏற்றத்தையும் அரிப்பையும் கணக்கிட்டு வரையப்பட்ட அபாயக் கோடு இருக்கிறதே, அது பேரிடர் திட்டத்துக்கு ஒரு கருவி என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். மீனவன் குடிசைக்குக் கடல் அபாயம். உல்லாச விடுதிக்குக் கடல் அழகு! இரண்டும் ஒரே கடல்தானே?

ஆகவே வரைபடமே வேண்டாமென்று சிலர் சொல்கிறார்கள். "அபாயம் என்று எழுதிக்கொடுத்தால் நம்மையே கிளப்பிவிடுவார்கள்" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1990-லிருந்து 2018 வரை ஆராய்ந்ததில் தமிழகக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று சர்க்காரின் ஆய்வு மையமே சொல்கிறது. நாம் கண்ணை மூடிக்கொண்டால் கடல் நின்றுவிடாது. நாம் கேட்பது வேறு: கிராமத்தின் அளவில் வரைபடம் வேண்டும். தரையின் உயரத்தைத் தரையில் நின்று அளக்க வேண்டும். வடிகாலும் முகத்துவாரமும் உப்பேறிய கிணறும் அதில் வர வேண்டும். மீனவர் குடியிருப்புக்கு வேண்டிய நிலமும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும். தமிழில் எழுதி, கிராம சபையில் விரித்துக் காட்ட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 2004-ல், 2008 நிஷா புயலில், 2018-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்பது ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரியும். வரும் ஞாயிறு காலை வடக்குத் தெருவிலிருந்து தொடங்குகிறோம். கொத்தனார் தோழர்கள் இருவர் தண்ணீர்க் குழாய் மட்டத்தோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். சுவரில் அடையாளம் போடச் சுண்ணாம்பு வேண்டும், வீட்டிலிருப்பவர்கள் கொண்டுவாருங்கள். முதல் அடையாளம் அந்த மூதாட்டியின் வீட்டுச் சுவரில்.